பெட்டியில் உருளை ஏன் இல்லை என்று கேட்ட நிர்வாகக் குழுவுக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

தை மாதக் கடைசியில் பங்குதாரர் குடும்பங்களுக்குப் போன காய்கறிப் பெட்டிகளில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் ஏன் இல்லை என்பதற்கு எழுத்து மூலம் விளக்கம் தரச் சொல்லியிருந்தீர்கள். தருகிறேன். உங்களுக்கு மட்டும் எழுதினால் அடுத்த கூட்டத்தின் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால், பெட்டி வாங்குகிற குடும்பங்களும் தன்னார்வலர்களும் படிக்கிற மாதிரி திறந்த மடலாகவே எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விளக்கம் ஒரு வரிதான். பொங்கல் முடிந்த வாரத்தில் ஊட்டிப் பக்கத்து நம் மலைப் பண்ணையில் உறைபனி கொட்டியது, விடிய விடியத் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை, பயிர் கருகிவிட்டது.

கேட்க வேண்டியதும் ஒன்றுதான். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை பண்ணையில் எப்போதும் நான்கு தன்னார்வலர்கள் இருக்க வேண்டும். வருகிறவர்கள் குறைந்தது பத்து நாளாவது தங்க வேண்டும். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் ஒதுக்குங்கள். போன ஆண்டும் இதைத்தான் எழுதினேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பதிந்திருந்தவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் வரவில்லை என்பது உங்களிடமே பட்டியலாக இருக்கிறது. வந்தவர் ஒரே ஒருவர். அவரும் முதல் ராத்திரி கழிந்ததும் காலைப் பேருந்தில் மலையிறங்கிப் போய்விட்டார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒரு பருத்திப் போர்வையும் டிராக் பேண்டும்தான் கொண்டுவந்திருந்தான். அறிவிப்பில் நீங்கள் போட்டிருந்த வாசகம் 'இதமான மலைக்குளிர்'. அதை நம்பித்தானே வந்தான்?

உறைபனி என்று நான் தொலைபேசியில் சொன்னபோது உங்களில் ஒருவர், "செய்தியில் ஊட்டி மூன்று டிகிரி என்றுதானே போட்டிருந்தான், பூஜ்ஜியத்துக்கே போகவில்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. நம் செடி தரையில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். அந்தத் தரையைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்கி நிற்கும். பெட்டிக்குள் மூன்று டிகிரி இருக்கும்போதே ஓடையோரத்துப் புல் வெள்ளையாகிவிடுவது இதனால்தான். ஊட்டிப் பக்கத்து நஞ்சநாட்டிலோ எமரால்டிலோ தோட்டம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் எந்த வயல் பனி வயல் என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பெரியவர் ஐப்பசியிலேயே சொன்னார்: "கடைபோகம் பிந்திப்போச்சு, கீழ் வயலை நீர்போகத்துக்கு விட்டுடுங்க." கடைபோகம் என்றால் ஆண்டுக் கடைசிச் சாகுபடி, நீர்போகம் என்றால் பனி தணிகிற சமயத்தில் தண்ணீர் பாய்ச்சிச் செய்கிற சாகுபடி. அதை அப்படியே உங்களுக்கு எழுதினேன். கோவையில் உட்கார்ந்து போட்ட பயிர்த் திட்டத்தில் அந்த வயலுக்கான கட்டம் காலியாக இருந்தது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று உருளை போடச் சொன்னீர்கள். போட்டோம்.

சரி, போட்டதைக் காப்பாற்றியிருக்கலாம். ஆள் இருந்திருந்தால்.

உறைபனிக்குத் தண்ணீர் தெளிப்பது என்றால் என்ன வேலை என்பதை ஒரு முறையாவது விவரமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் உறையும்போது தன்னிடமுள்ள சூட்டை வெளியே விடும். இலையின் மேல் தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும் வரை அந்தச் சூடு இலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவிடாமல் தாங்கிப் பிடிக்கும். ஆகவே உறையத் தொடங்குவதற்கு முன்பே ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டு, காலையில் வெயில் ஏறிக் கட்டிய பனி உருகும் வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பாதியில் நின்றால் தெளிக்காமலே விட்டதைவிட மோசம். நனைந்த இலை காய்ந்த இலையைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மோட்டாரிடம் ஒருவர் இருக்க வேண்டும். நாசிலில் கட்டுகிற பனிக்கட்டியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டே ஒருவர் நடக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் எட்டாத பாத்திகளுக்கு ஹோஸ் பிடிக்க ஒருவர். காட்டு மாடு, கரடி எதுவும் வருகிறதா என்று டார்ச்சும் கையுமாக ஒருவர். நாலு பேர் என்று நான் கேட்பது குத்துமதிப்பான கணக்கு இல்லை.

அன்று ராத்திரி நானும் சமையல் அக்காவும் மட்டும்தான். அக்கா அறுபதைத் தாண்டியவர், மூட்டு வலிக்காரர், வயல் வேலைக்கு என்று வந்தவரும் இல்லை. நள்ளிரவு தாண்டியதும் மோட்டாரைப் போட்டோம். கம்பளிக் கையுறை நனைந்தால் அதுவே விறைத்துவிடுகிறது. ரப்பர் கையுறையோடு நாசிலைத் திருக முடியவில்லை. கடைசியில் இரண்டையும் கழற்றிவிட்டு வெறுங்கையால்தான் செய்தோம். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மடங்கவில்லை. அக்கா கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து நாசில் மேல் ஊற்றுவார், நான் தட்டுவேன், அடுத்ததுக்குப் போவோம். திரும்பிப் பார்த்தால் முதலில் தட்டியது மறுபடியும் கட்டியிருக்கும். நாலு மணி வாக்கில் ஓடைப் பக்கமிருந்து காட்டு மாட்டுக் கூட்டம் ஏறி வந்து, கீழ் வயலுக்குப் போகிற தடத்தை மறித்துக்கொண்டு நின்றது. கன்றோடு வந்திருந்தது. கன்று வைத்திருக்கிற மாட்டின் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை, அக்காவைப் போகச் சொல்லவும் முடியாது. கூட்டம் நகரும் வரை மாட்டுத் தொழுவத்துக்குள் நின்றோம். நகர்ந்த பிறகு போய்ப் பார்த்தால் கீழ் வரிசை முழுக்க அடைத்துப்போய் நின்றுவிட்டிருந்தது.

விடியும்போது எல்லாம் பளபளவென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்குள் உருளைச் செடி வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி கறுத்துச் சாய்ந்தது. பூவெடுத்திருந்த பீன்ஸும் அதோடு போனது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு எலுமிச்சை அளவுகூட இல்லை. அக்காவின் விரல்கள் சிவந்து வீங்கி, அந்த வாரம் முழுக்கப் பாத்திரத்தை மணிக்கட்டால் தூக்கினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பெட்டிக்கு என்ன கண்ணு வைக்கிறது?"

உங்கள் கடிதத்தில் இருந்ததும் ஏறக்குறைய அதே கேள்விதான். 'எழுத்து மூலம்' என்பது மட்டும் கூடுதல்.

தன்னார்வலர்கள் தங்கும் தகரக் கொட்டகை பற்றியும் சொல்லிவிட வேண்டும். கூரைக்கு உட்பக்கம் ஒரு தடுப்பும், பாதுகாப்பான ஹீட்டர் ஒன்றும் வேண்டும் என்று கார்த்திகையில் கேட்டேன். 'ராத்திரி கரி மூட்டி வைத்துக்கொள்ளலாமே, செலவு குறைவு' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை இன்னும் வைத்திருக்கிறேன். அடைத்த அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்கு அப்படிக் கரி மூட்டிவிட்டுத் தூங்கப் போனவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை அந்தக் கொட்டகையில் தூங்கினால் இதே யோசனையைச் சொல்வீர்களா என்று கேட்கத் தோன்றியது. அன்று கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

பங்குதாரர் கூட்டத்தில் சாண எரிவாயுக் கலனைப் படம் போட்டுக் காட்டிப் பெருமைப்பட்டீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான், சித்திரை வைகாசியில். பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் அதற்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் மிகவும் மந்தமாகிவிடும். மார்கழியில் அதை நம்பினால் டீகூடக் கிடையாது. சீகை (வாட்டில்) மர விறகில்தான் சமையல். இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது, தயிர் உறையாது. இதெல்லாம் பெரிய கஷ்டமில்லை, பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கூடாரம் அடிக்க இடமில்லாத அளவுக்கு ஆட்கள் வருகிறார்கள். களை எடுக்கச் செடிக்கு ஒருவர் வீதம் நிற்கிறார்கள். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, கோடைக்கால முகாம் நின்றுவிடுமோ என்று பதறி அவசரக் கூட்டம் போட்டீர்கள். பனிக்காலத்துக்கு எந்த அவசரக் கூட்டமும் போட்டதாக எனக்கு நினைவில்லை. டிசம்பர் கடைசியிலும் ஒரு கூட்டம் வரும், புத்தாண்டைக் கொண்டாட. வெள்ளைப் புல்லைப் படம் எடுப்பார்கள், கேம்ப் ஃபயர் கேட்பார்கள், இரண்டாம் தேதி காலையில் காணாமல் போவார்கள். உறைபனிக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், காவலுக்குத்தான் ஆளில்லை.

நம் பண்ணை மட்டும்தானா இப்படி? மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காலையில் கேரட் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, இதே பனியில் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு நடுராத்திரியில் கேரட் பிடுங்கப் போகிறவர்கள் இந்த மலை முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலர் 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பிக்கப் வண்டியில் நின்றுகொண்டே போவார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்குக் கேரட் ஆரஞ்சாகவும் அலம்பியதாகவும் இருந்தால் போதும். 'உழவருக்கும் உண்பவருக்கும் நடுவே யாரும் இல்லை' என்று நம் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறோம். நடுவே நல்ல கனமான கம்பளி ஒன்று இருக்கிறது, அதைப் போர்த்திக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் தூங்குகிறது என்று திருத்தி அச்சடிக்கலாம்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். உங்கள்மேல் எனக்கு மரியாதை இல்லாமல் இல்லை. இந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, ரசாயனம் போடாமல் வருடக்கணக்காக நடத்துவது லேசான காரியமில்லை. கையிலிருந்து பணம் போட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அதனால்தான் பணிவாக மறுபடியும் கேட்கிறேன்: பனிக்காலத்தில் நான்கு பேர், குறைந்தது பத்து நாள், இல்லையென்றால் கூலிக்குப் பணம். கூலிக்குக் கேட்டாலும் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களில் ஹட்டியிலிருந்து ஆள் கிடைக்காது. அந்த நாட்களையாவது முன்கூட்டியே தன்னார்வலர்களால் நிரப்பி வையுங்கள். தேதி தெரியாவிட்டால் கேளுங்கள், நான் பெரியவரிடம் விசாரித்துச் சொல்கிறேன்.

இந்த ஆண்டுப் பனி இன்னும் முடியவில்லை. மேல் பாத்தியில் பட்டாணி பூவெடுத்திருக்கிறது. பட்டாணிச் செடி பனியை ஓரளவு தாங்கும், பூ தாங்காது. நாற்றங்காலில் முட்டைக்கோஸ் நாற்று இருக்கிறது. அதன் மேல் தழை போட்டு மூடி வைத்திருக்கிறோம். கீழ் வயலை உழுதுவிட்டோம். பெரியவர் சொன்னபடி நீர்போகத்து உருளையை மாசியில்தான் போடப்போகிறோம். பயிர்த் திட்டத்தில் அந்தக் கட்டம் அதுவரை காலியாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். முடிவை அன்றே சொல்லிவிட்டால், யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக் காவல் முறையை எழுதிவிடுவேன். வருகிறவர்களிடம் 'இதமான' என்ற சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு ஸ்வெட்டர், காதை மூடுகிற குல்லா, கனத்த கம்பளி, முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ், மாற்றிப் போட்டுக்கொள்ள நாலைந்து ஜோடி கையுறை, நல்ல டார்ச் கொண்டுவரச் சொல்லுங்கள். அக்காவுக்குக் கைவிரல் களிம்பு ஒன்றும் வாங்கி அனுப்பினால் நல்லது, இங்கே கடையில் தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
பண்ணையில் பனிக்காலத்திலும் இருப்பவள்