பொருள்: என் ஆறு வயசுப் பையன் சட்டையில நீங்க அடிச்சு அனுப்பின ஸ்லோகன் பத்தி

வணக்கமுங்க அண்ணா,

நான் அமெரிக்காவுல ஒஹையோ, கொலம்பஸ் பக்கத்துல இருந்து எழுதறேன். உங்க கடையில மூணு வருஷமா துணி வாங்கறேன், பொங்கலுக்கு பையனுக்கு வேட்டி சட்டை, பொண்ணுக்கு பாவாடை, அப்புறம் அந்த 'அ ஆ இ ஈ' போட்ட டீஷர்ட், அது இங்க தமிழ் ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்க போட்டுட்டு வர்றாங்க, அதுல நாலு வீட்டுக்கு நான்தான் உங்க லிங்க் அனுப்பினேன். அதனால முதல் தடவை வாங்கிட்டு சண்டைக்கு வர்ற ஆளுன்னு நினைச்சுக்காதீங்க. வாட்ஸப்ல ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டேன், உங்க கஸ்டமர் கேர் பொண்ணு பாவம் அதே பதிலையே காப்பி பேஸ்ட் பண்ணுது, அதான் ஓனர் கண்ணுல படட்டும்னு மெயிலா எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நவம்பர் முதல் வாரம் உங்க சைட்ல 'கேம் டே கிட்ஸ் காம்போ'ன்னு மூணு டீஷர்ட் சேர்த்துப் போட்டிருந்தீங்க. ஷிப்பிங்கோட 36 டாலர். போட்டோல ரெண்டுதான் தெரிஞ்சுது, ஒண்ணுல ஃபுட்பால் படமும் 'ஒஹையோ'ன்னும், இன்னொண்ணுல 'கேம் டே வித் டாடி'ன்னும். மூணாவதுக்கு 'சர்ப்ரைஸ் ஸ்லோகன்'னு மட்டும் போட்டிருந்தீங்க. சரி, திருப்பூர் துணி, நம்ம ஊர் ஆளுங்க, என்ன பெருசா சர்ப்ரைஸ் வந்துரப் போகுதுன்னு ஆர்டர் போட்டுட்டேன்.

உங்களுக்கு அங்க உக்காந்துட்டு இந்த கேம் என்னன்னு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுதான் பிரிண்ட் பண்ணீங்களான்னும் தெரியாது, அதனால சொல்லிடறேன். ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கும் பக்கத்து மாநிலம் மிச்சிகன் யுனிவர்சிட்டிக்கும் 1897ல இருந்து ஃபுட்பால் நடக்குது, நம்ம ஊர் கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். இப்பல்லாம் நவம்பர் கடைசி சனிக்கிழமை. பேரே 'தி கேம்'தான், வேற பேரு வேண்டியதில்ல. பகை அதுக்கும் முன்னாடியே இருக்குங்க, டோலிடோன்னு ஒரு ஊர் யாருக்குச் சொந்தம்னு 1835ல ரெண்டு பக்கமும் ஆள் சேர்த்துட்டு எல்லையில போய் நின்னிருக்காங்க, நம்ம ஊர் வாய்க்கா வரப்புத் தகராறு மாதிரியேதான். இங்க வுடி ஹேஸ்னு பழைய கோச் ஒருத்தர், அவரு மிச்சிகன்ங்கற பேரையே வாயில எடுக்க மாட்டாராம், 'வடக்க இருக்கற அந்த டீம்'னுதான் சொல்லுவாராம். நம்ம பாட்டிமாருங்க தாத்தா பேரைச் சொல்லாத மாதிரின்னு வெச்சுக்கங்க, ஆனா இது மரியாதையில இல்ல. அந்த வாரம் காலேஜுக்குள்ள போர்டுல எங்கெல்லாம் எம் எழுத்து இருக்கோ அங்கெல்லாம் சிவப்பு டேப்பால எக்ஸ் போட்டு அடிச்சிருவாங்க. ஸ்டேடியத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல உக்காருவாங்க, நம்ம கடைக்குப் போனாக்கூட யாரோ ஒருத்தர் 'ஓ-எச்'னு கத்துவாங்க, நாம 'ஐ-ஓ'ன்னு திருப்பிக் கத்தணும், ரெண்டையும் சேர்த்தா ஒஹையோ ஸ்பெல்லிங். நானே இண்டியன் ஸ்டோர்ல கொத்தமல்லிக் கட்டை கையில வெச்சுட்டு கத்தியிருக்கேன். எனக்கு அதெல்லாம் ரொம்பப் பிடிக்குமுங்க. வந்த புதுசுல இந்த ஊர்ல யாரையும் தெரியாது, ஒஹையோ ஸ்டேட் டீம் கலர்ல சிவப்பு சட்டையைப் போட்டதும்தான் நாலு பேரு நின்னு பேசினாங்க. ஸ்கூல் ஸ்பிரிட், காலேஜ் ஸ்பிரிட் இதெல்லாம் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல நான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பார்சல் திங்கக்கிழமை சாயங்காலம் வந்துச்சு. புதுத்துணியைத் துவைக்காம போடற பழக்கம் எங்க வீட்ல இல்ல, மூணையும் உள்பக்கமாத் திருப்பி மெஷின்ல போட்டு, டிரையர்ல இருந்து எடுத்து அப்படியே மடிச்சு வெச்சுட்டேன். மறுநாள் செவ்வாய், தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு முந்தின நாள், ஸ்கூல்ல ஸ்பிரிட் டே, எல்லாப் பிள்ளைங்களும் ஸ்கார்லட் கலர், இல்ல சாம்பல் கலர் போட்டுட்டு வரணும். எனக்கு காலைல சீக்கிரமே மீட்டிங். எங்க வீட்டுக்காரர்தான் பையனைக் கிளப்பினாரு, மேல இருந்த சிவப்புச் சட்டையை எடுத்து மாட்டி, அதுக்கு மேல ஹூடியைப் போட்டு ஜிப்பை இழுத்து பஸ் ஏத்தி விட்டுட்டாரு. அவரு என்ன எழுதியிருக்குன்னு பாக்கலையாம். ஆம்பளைங்க பாக்க மாட்டாங்க, அதை நான் தனியாப் பேசிக்கறேன்.

பத்து மணிக்கு டீச்சர் போன். ரொம்ப மரியாதையான அம்மா, அந்த வார்த்தையைச் சொல்லாமலே எனக்குச் சொல்லணும்னு படாதபாடு படறாங்க. 'உங்க பையன் சட்டையில ரெண்டு வார்த்தை இருக்கு, ரெண்டுக்கும் முதல் எழுத்தை மட்டும் மாத்திப் போட்டுப் பாருங்க'ங்கறாங்க. நான் மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டு நோட்டுல எழுதி, எம்மையும் எஃப்பையும் மாத்திப் போட்டுப் பாக்கறேன். சட்டையில இருந்தது 'மக் ஃபிச்சிகன்'. மாத்தினா என்ன வரும்னு உங்களுக்கே தெரியுமுங்க, தெரியலன்னா உங்க டிசைனரைக் கூப்பிட்டுக் கேளுங்க. எனக்கு அப்படியே மூஞ்சி சூடாயிருச்சு. மாத்துச் சட்டை இல்லாததால திருப்பிப் போட்டு விட்டுருக்கோம், தப்பா நினைச்சுக்காதீங்கன்னு அவங்களே சாரி சொல்றாங்க.

சாயங்காலம் பஸ்ல இருந்து இறங்கி வர்றான். சட்டை உள்பக்கம் வெளிய, தோள்பட்டையில ஓவர்லாக் நூல் தெரியுது, சைஸ் லேபிள் கழுத்துக்குப் பின்னாடி நாக்கு மாதிரி நீட்டிட்டு நிக்குது. பிரிண்ட் கெட்டியா அடிச்சிருக்கீங்க, அதனால மறுபக்கம் எழுத்தெல்லாம் இடம் வலமா நிழலாட்டம் தெரியுது. அவன் அழலைங்க, ரொம்ப யோசனையா இருந்தான். நேரா மாடிக்குப் போனவன் அரை மணி நேரம் கழிச்சு இறங்கி வந்து, 'அம்மா, சட்டையில தப்பு இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க, நான் கண்டுபிடிச்சிட்டேன், ஸ்பெல்லிங் மிஸ்டேக்'ங்கறான். மிச்சிகன்னு ஸ்பெல்லிங் அவனுக்குத் தெரியும், எங்க அண்ணன் குடும்பம் அங்க நோவைல இருக்காங்க, தீபாவளிக்கு அவன்தான் கார்டுல அட்ரஸ் எழுதினான். கறுப்பு மார்க்கரை எடுத்து எஃப்பை அடிச்சுட்டு மேல எம்னு எழுதிட்டான். அது சரி. அப்புறம் அந்த அடிச்ச எஃப்பை வீணாக்குவானேன்னு யோசிச்சு முதல் வார்த்தையில எம்மை அடிச்சுட்டு அங்க கொண்டு போய் எழுதிட்டான். அச்சு எழுத்து மாதிரி, கோடு பிசகாம. எழுதிட்டு அதைப் போட்டுட்டு வந்து நிக்கறான், இப்ப கரெக்டா இருக்கான்னு கேக்கறான்.

நான் என்னங்க பதில் சொல்றது? சிரிப்பும் வருது, அடிவயித்துல ஒரு எரிச்சலும் வருது. 'கரெக்டா இருக்கு கண்ணு, கழட்டிக் குடு, துவைக்கணும்'னு வாங்கி அலமாரி மேல போட்டேன். இன்னமும் கேட்டுட்டே இருக்கான், என் சட்டை எங்கன்னு.

இதை வாட்ஸப்ல போட்டோவோட அனுப்பினதுக்கு உங்க ஆளு என்ன பதில் போட்டாங்கன்னு அப்படியே சொல்றேன்: 'மேடம், அது ஃபன் ஸ்லோகன், அடல்ட் சைஸ்ல எங்களோட ஃபாஸ்ட் மூவிங் டிசைன், அதையே கிட்ஸ் சைஸ்லயும் போட்டிருக்கோம், பிரிண்ட் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்லை.' அண்ணா, நீங்க பண்ணின தப்பு எதுன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. பெரியவங்க டிசைனை ஸ்கிரீனைச் சின்னதாக்கி 6 சைஸ்ல அடிச்சா அது குழந்தைத் துணி ஆயிராது. பெரியவங்க அதைப் போட்டுட்டுத் திரியறாங்க, கேம் அன்னைக்கு இங்க ரோட்டுல எங்க பார்த்தாலும் அதுதான், நான் வேண்டாம்னு சொல்லல. பெரிய ஆளு அதைப் படிச்சு, சிரிச்சு, காசு குடுத்து வாங்கறான், யாராவது மொறைச்சா அவனே பாத்துக்குவான். என் பையன் அதைப் படிச்சு ஸ்பெல்லிங் மிஸ்டேக்குங்கறான். அந்த ஜோக்கு அவன் நெஞ்சு மேல ஒட்டியிருக்கு, ஆனா அவனைத் தவிர அந்த ஸ்கூல்ல இருக்கற பெரியவங்க எல்லாருக்கும் புரியுது.

இன்னொண்ணும் சொல்றேன், நான் பொறந்து வளர்ந்தது உங்க ஊர்தானுங்க. எங்கம்மா அனுப்பர்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனில 14 வருஷம் செக்கிங் டேபிள்ல நின்னவங்க. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, பிரிண்ட் நகர்ந்தது, எல்லாம் ஒரு பார்வையில பிடிச்சிருவாங்க. என்ன எழுதியிருக்குன்னு மட்டும் தெரியாது, ஏன்னா இங்கிலீஷ் படிக்க வராது, யாரும் சொல்லவும் மாட்டாங்க. காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் மிச்சம் கிலோ கணக்குல வாங்கிட்டு வருவோமில்ல, அதுல ஒண்ணு எங்க பெரியப்பாவுக்குப் போச்சு, மாரியம்மன் கோயில் பொங்கல் அன்னைக்கு நெத்தி நிறைய திருநீறு, நெஞ்சுல 'சிங்கிள் அண்ட் ரெடி டு மிங்கிள்'. காலேஜ் படிச்ச நாங்க நாலு பேரு வாயைப் பொத்திட்டு நின்னோம். அன்னைக்கு அது சிரிப்பு. உங்க சட்டை செக்கிங்ல யாரோ ஒரு அக்கா கையில நின்னு, அந்தக்கா படிக்க முடியாம பாஸ் பண்ணி, கிட்டத்தட்ட பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து படிச்சும் புரியாத பையன் மேல ஏறியிருக்கு. நடுவுல படிச்சுப் புரிஞ்ச ஆளு உங்க டிசைனரும் நீங்களும் மட்டுந்தான், அதனாலதான் உங்களைக் கேக்கறேன்.

சும்மா ஒரு அம்மா ஓவரா பேசுதுன்னு நினைப்பீங்க, அதனால கொஞ்சம் தேடியும் படிச்சேன். 1986லயே இங்க சுப்ரீம் கோர்ட் பெத்தெல் ஸ்கூல் கேஸ்ல, ஆபாசமான பேச்சை ஸ்கூல் தடுக்கலாம்னு சொல்லியாச்சு. எழுத்தை மாத்திப் போட்டா கெட்ட வார்த்தை இல்லையேன்னு நீங்க கேக்கலாம், அதுக்கும் கேஸ் இருக்கு. மிச்சிகன்லயே ஒரு மிடில் ஸ்கூல்ல 'லெட்ஸ் கோ பிராண்டன்' போட்ட ஹூடியைக் கழட்டச் சொல்லிட்டாங்கன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, அது அப்ப பிரசிடெண்டா இருந்த பைடனை மறைமுகமாத் திட்டறது, அதுலயும் கெட்ட வார்த்தை நேரடியா இல்ல, மறைஞ்சுதான் இருக்கு. 2024ல கோர்ட் ஸ்கூல் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, 2025ல அப்பீல்லயும் அதேதான், அந்த அப்பீல் கோர்ட்டுக்குக் கீழதான் எங்க ஒஹையோவும் வருது. அப்ப ஸ்கூலுக்கு அனுப்பற துணின்னு விக்கறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டாமா? ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி 'தி'ங்கற ஒத்தை வார்த்தைக்கே 2022ல டிரேட்மார்க் வாங்கி வெச்சிருக்கு, அவ்வளவு கறார். லைசென்ஸ் கேட்டுப் போனா இந்த மாதிரி ஸ்லோகனுக்குக் குடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் மூணாவது சட்டையில ஒஹையோன்னுகூடப் போடாம அடிச்சிருக்கீங்க. அது தெரிஞ்சிருக்கு, குழந்தை போடும்னு மட்டும் தெரியலையா?

கோவத்துல உங்க கிட்ஸ் செக்‌ஷன் முழுக்கப் பார்த்தேன். ஆறு மாசக் குழந்தை ரோம்பர்ல 'பார்ன் டு ஹேட் மிச்சிகன்'. இதுல கெட்ட வார்த்தை இல்லைதான். எங்க வீட்டுக்காரர் அது விளையாட்டுக்குத்தானேங்கறாரு, அதுல எங்களுக்குள்ள இன்னும் பேச்சு முடியல. எனக்கு மனசு ஒப்பல, ஒப்பலன்னா வாங்க மாட்டேன், அவ்வளவுதான், அதுக்காக உங்களை எடுக்கச் சொல்லல. அதுல என்ன எழுதியிருக்குன்னு போட்டோல தெளிவாத் தெரியுது, வேணுங்கறவங்க வாங்கிக்கட்டும். தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்க அண்ணன் பொண்ணு நீலமும் மஞ்சளும் போட்டுட்டு வந்து 'கோ ப்ளூ'ன்னா, எம்பையன் 'ஓ-எச்'ன்னான், சனிக்கிழமை ஒஹையோ 27-9னு ஜெயிச்சதும் சோபா மேல ஏறிக் குதிச்சான், நாலு வருஷம் தோத்ததுக்கு அப்புறம் இல்லையா, அந்தப் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு, அரை மணி நேரத்துல ரெண்டும் ஒரே தட்டுல பணியாரம் தின்னுட்டு இருந்துச்சு. குழந்தைங்களுக்கு இவ்வளவு போதும்.

எனக்கு வேண்டியது இதுதானுங்க. மூணாவது டீஷர்ட்டுக்கு உண்டான காசு திரும்ப வேணும், கூப்பன் வேண்டாம். அந்த டிசைனைக் கிட்ஸ் சைஸ்ல இருந்து இந்த வாரமே எடுங்க, பெரியவங்களுக்கு விக்கறது உங்க இஷ்டம். குழந்தைத் துணியில 'சர்ப்ரைஸ் ஸ்லோகன்'ங்கற வேலையே வேண்டாம், எழுதியிருக்கறது என்னன்னு எழுத்து எழுத்தாப் போட்டு விக்கணும். அப்புறம் இதே காம்போ வாங்கின மத்தவங்களுக்கு நீங்களே மெசேஜ் அனுப்பிச் சொல்லிருங்க, எங்க தமிழ் ஸ்கூல் குரூப்லயே ரெண்டு பேரு வாங்கியிருக்காங்க, ஒருத்தங்க பையனுக்கு நாலு வயசு. செக்கிங்ல நிக்கற அக்காங்ககிட்ட என்ன அடிக்கறோம்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிங்க, அவங்களே வேண்டாம்னு சொல்லிருவாங்க, எங்கம்மாகிட்ட போன்ல சொன்னப்ப 'அடப்பாவிகளா, பச்சப்பிள்ளைக்கா'ன்னுதான் கேட்டாங்க.

பில், லேபிள், பிரிண்ட் மூணுக்கும் போட்டோ வெச்சிருக்கேன். சட்டையைத் திருப்பி அனுப்பச் சொன்னீங்கன்னா ஷிப்பிங் உங்க செலவு, அதுலயும் மார்க்கர் போட்டு எழுதினதுக்கு டேமேஜ் பீஸ்னு கழிக்கக் கூடாது. பொங்கலுக்கு ரெண்டு பிள்ளைங்களுக்கும் துணி உங்க கார்ட்ல போட்டு வெச்சிருக்கேன், இன்னும் காசு கட்டல. டிசம்பர் 10க்குள்ள பதில் பார்த்துட்டு முடிவு பண்ணிக்கறேன்.

இப்படிக்கு,
கொலம்பஸ்ல இருந்து உங்க பழைய கஸ்டமர்