பரங்கிப்பேட்டையிலும் பேருந்தை நிறுத்துங்கள்

சிங்கப்பூரிலிருந்து தமிழகத்துக்கு மரபுப் பயணம் அழைத்துச் செல்லும் சங்கங்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பயணத் திட்டத்தில் சிதம்பரம் இருக்கிறது, பிச்சாவரம் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டை மட்டும் விடுபட்டுப் போகிறது. இந்தியாவின் முதல் நவீன இரும்பாலைகளில் ஒன்றை ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் அங்கேதான் தொடங்கினார். சேலத்து மலைகளின் மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவை மரக்கரியில் உருக்கி, வார்ப்பிரும்புப் பாளங்களைக் கப்பலேற்றினார்கள். 1860களில் ஆலை மூடியது.

ஏன் நொடித்தது என்பதை வழிகாட்டிகள் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தாது கிடைத்த சேலத்துக் கஞ்சமலைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 185 கிலோமீட்டர். கரிக்காக வெட்ட வெட்டக் காடும் தள்ளிப் போகும். தொலைவிலிருந்து வண்டியில் வரும் கரி குலுங்கிப் பொடியாகும். அந்தப் பொடி உலைக்குள் காற்றுப் போகும் சந்துகளை அடைக்கும். உலையை மிக உயர்த்திக் கட்டவும் வழியில்லை, மேலிருக்கும் தாதுவின் பாரத்தில் கரி நொறுங்கிவிடும். பிரிட்டனின் உலைகளில் எரிந்த, நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் இந்தப் பாரத்தைத் தாங்கியது. (மாங்கனீசு சேர்த்து எஃகு வார்க்க 1839இல் காப்புரிமை பெற்றவரும் இதே ஹீத்தான். அதையும் சொல்லுங்கள்.)

தமிழகத்தில் எங்கே இரும்புக் கிட்டம் (தாதுவை உருக்கும்போது மிஞ்சும் கழிவு) கண்ணில் பட்டாலும் எந்த உலையுடையது என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். நம் கொல்லர்களின் துருத்தி உலையில் சுண்ணாம்பு சேர்ப்பதில்லை. தாதுவின் மணற்சத்து இரும்பில் ஒரு பங்கையே இழுத்துக்கொண்டு உருகுவதால் கிட்டம் கறுத்து, கனத்து, பாகு வழிந்ததுபோல் உறைந்திருக்கும். பரங்கிப்பேட்டை ஆலையில் இருந்ததுபோன்ற ஊதுலையில் அந்த வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. கிட்டம் எடை குறைந்து, கண்ணாடிபோலப் பச்சையாகவோ சாம்பலாகவோ இருக்கும். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே இரும்புத் துளி சிக்கியிருந்தால் ஊதுலைக் கிட்டமும் ஒட்டும்.

பார்த்த துண்டைப் பைக்குள் போட யாரையும் விடாதீர்கள். சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளே சான்று: எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் காலம் கணிப்பது கடினம். மேலும், 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், கைபேசியில் இடக்குறிப்பைப் பதியுங்கள், துண்டைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய உலோகத் தொழில்களை ஆராயும் தமிழர்கள்,
சிங்கப்பூர்