ஒன்பது வரியில் பெருக்கிப் பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடுக்கு பகா எண்ணாக இருந்தால், 2-இன் அடுக்கில் 1 குறைத்து வருவதும் பகா எண்தான் என்று உங்கள் ஞாயிறு புதிர்ப் பகுதியில் அச்சாகியிருந்தது. அது சரியல்ல. 11-ஐப் போட்டாலே 2047 வரும். அது 23 × 89.

பெரிய எண்ணுக்குப் போனால் கதையே வேறு. 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் 147573952589676412927. 21 இலக்கம். இதைப் பகா எண் என்று மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1644-இல் எழுதிவிட்டார். பகு எண் என்று 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிரூபித்தார். ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை! (உடையும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. எனக்கு இன்னும் வியப்பு அதில்தான்.) 1903-இல் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர்தான் உடைத்துக் காட்டினார்: 193707721 × 761838257287.

கால்குலேட்டரில் கடைசி இலக்கங்கள் தெரியவில்லை. அப்புறம் கட்டம் போட்ட தாளில் கையாலேயே பெருக்கினேன். ஒன்பது வரி, ஐந்தாவது முழுக்கப் பூஜ்ஜியம். 9-ஆல் பெருக்கிய வரியில் தவறி, அழித்து மறுபடி போட்டேன். விடை சரியாக வந்தது. அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்