பிலிம்பி மரத்தடியிலிருந்து

குலசேகரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மக்கா,

மகள் கல்யாணத்துக்கு வரவில்லை என்று நீ திட்டி எழுதிய கடிதம் மேசையில்தான் கிடக்கிறது. இன்னும் நன்றாகவே திட்டியிருக்கலாம், கை தளர்ந்துவிட்டதுபோல. அந்த வாரம் முழுவதும் பெரியண்ணன் மருத்துவமனையில் கிடந்தார். மூன்று முறை டயாலிசிஸ். பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டார். குரல் பழையபடி முக்கு வரை கேட்கிறது.

கிணற்றடியில் நிற்கும் பிலிம்பி மரம், அந்தப் புளிப்புக் காய் மரம், உனக்கு மறந்திருக்காது, உன் காக்கி நிக்கருக்கும் மறந்திருக்காது. அண்ணனுக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடுதல் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவர் தொடவில்லை. பிலிம்பிச் சாறு கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள், வெறும் வயிற்றில், நாளுக்கு ஒரு பெரிய டம்ளர். அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகத் தொங்கும் காய்களைப் பறித்தவன் நான். மிக்சியில் அடித்து, வடிகட்டி, பச்சை நுரையோடு நீட்டியவனும் நான். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பல் கூசிக் கண் தானாக மூடிக்கொண்டது. இந்தப் புளிப்புக்கு எந்தக் கொழுப்பு நிற்கும் என்று நானும் நம்பினேன், மக்கா.

ஐந்தாம் நாள் வாந்தி. அன்று இரவே மூத்திரம் நின்றுவிட்டது. என்ன சாப்பிட்டார் என்று எல்லாரும் கேட்டார்கள். மீன், கிழங்கு என்று அண்ணி வரிசையாகச் சொன்னாள். சாறு சாப்பாட்டுக் கணக்கில் வரவில்லை. ஒரு மலையாளி டாக்டர் பெண்தான் நேரே கேட்டாள்: "இரும்பன்புளி குடித்தாரா?" பிலிம்பிக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். நான் சுவரைப் பார்த்தேன்.

அதில் ஆக்சாலிக் அமிலம் அவ்வளவு இருக்கிறதாம். பச்சையாகப் பிழிந்து குடித்தால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிடும். கேரளத்து மருத்துவர்கள் 2013-இலேயே இப்படி வந்த பத்துப் பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அம்மா சாளை மீன் குழம்பில் நாலு காய் கீறிப் போடுவாள், பரணியில் உப்பிலிட்டு வைப்பாள். நமக்கு என்ன ஆயிற்று? நாலு காயை ஏழு பேர் பங்கிட்ட வீட்டில், நாற்பது காயை ஒருவருக்குப் பிழிந்து ஊற்றியிருக்கிறேன்.

ஆற்றங்கரையில் ஒதளங்காயை மாங்காய் என்று கையில் எடுத்ததற்கு நீயும் நானும் வாங்கிய அடி நினைவிருக்கிறதா? இதயத்தையே நிறுத்தும் காய் அது, அடி நியாயம்தான். வவ்வால் கடித்த மாம்பழம்தான் இனிக்கும் என்ற உன் தத்துவமும் 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்ததோடு செத்துவிட்டது; அண்ணன் ரம்பூட்டானைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் வைப்பார். இத்தனை பார்க்கிற மனிதர் அடுக்களைக்குப் பக்கத்தில் நின்ற மரத்தைச் சந்தேகிக்கவில்லை. யார் சந்தேகிப்பார்கள்?

இப்போது பொட்டாசியம் ஏறக்கூடாதென்று வாழைப்பழத்துக்கும் இளநீருக்கும் தடை. 2023-இல் நம் மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தனக்கே பட்டம் கொடுத்ததுபோல் தெரு முழுக்கக் குலை பங்கிட்ட ஆள்! நேற்று திண்ணையில் தொங்கும் மட்டிக்குலைக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தோலில் கருப்புப் புள்ளி விழுந்து மணம் வீடெல்லாம் நிறைந்திருக்கிறது. "டேய், வாசம் பிடித்தால் பொட்டாசியம் ஏறுமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

முக்கியமானது இது, அதற்குத்தான் இன்றே எழுதுகிறேன். உன் மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று எழுதியிருந்தாய். மாடித்தோட்டத்து நட்சத்திரப்பழத்தை அவர் கண்ணிலேயே காட்டாதே. பிலிம்பியின் நெருங்கிய சொந்தம் அது. அதிலுள்ள நஞ்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கும், நினைவு தப்பும், உயிரே போகலாம். நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் அளவாகத் தின்னலாம், நீ தின்று தொலை.

மரத்தை வெட்டச் சொல்கிறாள் அண்ணி. கூடாது, குழம்புக்கு வேண்டும் என்கிறார் அண்ணன். கோடாலியை எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு நாளாகக் கிணற்றுச் சுவரில் சாய்ந்தே நிற்கிறது. மொய் பாக்கி. அடுத்த மாதம் நேரில் வந்து தருகிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்