பீரோ எபிசோடை எடுத்துவிடுங்கள்

அனுப்புநர்: உங்கள் சந்தாதாரர், வில்லாபுரம், மதுரை
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
பொருள்: குழந்தைகள் செயலியில் வரும் வாத்துக் கார்ட்டூனின் பீரோ எபிசோட் பற்றி, ஆறாவது முறையாக

ஐயா,

வணக்கம். நான்கு முறை போனில் சொல்லியாயிற்று, ஒரு முறை நேரிலும் அலைந்தாயிற்று. இனி எழுதிக் கொடுத்தால்தான் காதில் ஏறும் என்று இதை எழுதுகிறேன். எந்த எபிசோட் என்று உங்களுக்கே தெரியும். போன் செய்யும்போதெல்லாம் "எபிசோட் நம்பர் என்ன மேடம்" என்று கேட்கிறார்கள். திரையில் நம்பர் இருந்தால்தானே நான் சொல்ல முடியும்? உங்கள் செயலி, தமிழ்க் குரல் கொடுத்ததும் நீங்கள். அம்மா வாத்தும் குஞ்சும் கண்ணாமூச்சி ஆடுவது. அம்மா பீரோவுக்குள் போய் ஒளிந்துகொள்வது.

அதுவரை விடாமல் ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நிற்கும். குஞ்சு பீரோக் கதவைத் திறக்கும். உள்ளே அம்மா முதுகைக் காட்டி நிற்கும். "அம்மா" என்று கூப்பிட்டதும் மெதுவாகத் திரும்பும். முகத்தில் கண் இல்லை, அலகு இல்லை, வெறும் மஞ்சள். மூன்று நொடிக்கு மேல் இருக்காது. அப்புறம் முகமூடியைக் கழற்றிவிட்டு "ஏமாந்தியா!" என்று சிரிக்கும், பாட்டும் திரும்ப ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கு அது விளையாட்டு. என் மகளுக்கு நாலரை வயது. அந்த "ஏமாந்தியா" அவள் காதில் விழவே இல்லை.

அன்றிலிருந்து, நான் அடுப்படியில் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து சேலையைப் பிடித்து இழுக்கிறாள். "அம்மா, திரும்பு." திரும்பினால் என் முகத்தைக் கையால் தடவிப் பார்க்கிறாள். கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக. எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் போகிறாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி வருகிறாள். நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். மிஷினில் உட்கார்ந்தால் முதுகைக் காட்டித்தான் உட்கார முடியும். ஆறு வாரமாக ஒரு பிளவுஸ் ஒழுங்காக முடியவில்லை, முகூர்த்தச் சீசன் முழுக்கக் கையை விட்டுப் போய்விட்டது. எனக்குச் சீராக வந்த பீரோவைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் யாரும் தூங்கி ஆறு வாரம் ஆகிறது.

"5 வயதுக்குள்" என்று போட்டு, நாலு இலக்கப் பூட்டும் போட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன். ஒரு வருடச் சந்தா 899 ரூபாயை முன்கூட்டியே கட்டினேன். பூட்டு போட்டால் போதும் என்று உங்கள் விளம்பரத்தில் நீங்கள்தான் சொன்னீர்கள்.

இப்போது அந்த நபரைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாவது அழைப்பில் பேசியவர். முதலில் பேசிய பெண்கள் இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. இவர் நான் பாதி சொல்லும்போதே "மேடம், இது காமெடி கார்ட்டூன். உங்க பாப்பா பயந்த சுபாவம்னா டிவியே போடாதீங்க" என்றார். அப்புறம் போனைக் கையால்கூட மூடாமல் பக்கத்தில் இருந்தவரிடம் "வாத்தைப் பார்த்துப் பயந்துட்டாங்களாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெளிவாகக் கேட்டது. உங்கள் பதிவில் அந்த உரையாடல் இருக்கும், எடுத்துக் கேளுங்கள்.

என் பிள்ளை பயந்த சுபாவம் இல்லை. போன வருஷம் அழகர் எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் அவள் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தாள். கருப்பசாமி வேஷம் கட்டியவர் அரிவாளோடு ஆடிக்கொண்டு வந்து, தோல் பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார். நேராக இவள் முகத்தில். "இன்னொரு தடவை" என்று கை தட்டினாள். எங்கள் குலசாமி கோயில் கருப்பருக்குக் கண் இவ்வளவு பெரிது, மீசை முறுக்கி நிற்பார். அவர் காவல்காரர் என்று இவளுக்குத் தெரியும், அதனால் பயமில்லை. அம்மா முகமே இல்லாமல் போவது வேறு. அதையும் பயப்படக் கூடாதென்றால் ஒரு குழந்தை எதற்குத்தான் பயப்படுவது?

பாண்டி கோயிலில் திருநீறு போட்டோம். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் கொடுத்தோம். குழந்தை மருத்துவரிடமும் போனோம். இந்த வயதில் தோற்றம் மாறினால் ஆளே மாறிவிட்டதாகத்தான் தோன்றும், முகமூடிதான் என்று எடுத்துச் சொன்னாலும் நாலு வயதில் அவ்வளவாக எடுபடாது, மறுபடி அதைக் காட்டாமல் இருங்கள் என்றார். காட்டாமல் இருப்பது எப்படி? அந்த முகமில்லாத படத்தையே அல்லவா எபிசோடின் முகப்பில் வைத்திருக்கிறீர்கள்! "இதைக் காட்டாதே" என்று நான் அழுத்திய பிறகும் "மறுபடி பார்க்க" என்ற வரிசையில் வந்து நிற்கிறது.

இதைச் சொல்லத்தான் நேரில் போனேன். அக்னி நட்சத்திர வெயில். வீட்டில் விட ஆள் இல்லாததால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, வில்லாபுரத்திலிருந்து பெரியார் நிலையம், அங்கிருந்து பைபாஸ் ரோட்டில் உங்கள் ஷோரூம். "இது ஆப் பிரச்சினை, கே.கே.நகர் ஆபீஸ் போங்க" என்றார்கள். ஊரின் அந்தக் கோடிக்கு மறுபடி இரண்டு பஸ். அங்கே சாப்பாட்டு நேரம் என்று ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய டிவியில் அதே வாத்துக் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது! பாட்டு கேட்டதுமே என் பிள்ளை நாற்காலிக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். நிறுத்துங்கள் என்றேன். ரிமோட் எங்கே என்று தேடினார்கள். கடைசியில் "கன்டென்ட் எல்லாம் மும்பை டீம் மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேருமுன் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. எது தீர்ந்தது, ஐயா?

கார்ட்டூனால் ஒன்றும் ஆகாது என்றும் போனில் சிரித்த அதே நபர் சொன்னார். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அது ஒளியால் வந்த வலிப்பு, என் பிள்ளைக்கு வந்தது வேறு, தெரியும். ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை. தொடரையே நான்கு மாதம் நிறுத்திவைத்தார்கள், அந்த எபிசோடை அப்புறம் ஒளிபரப்பவே இல்லை.

உங்களை மிரட்டுவது என் நோக்கம் இல்லை. ஆனால் விவரம் தெரியாதவள் என்றும் நினைக்க வேண்டாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யு, யு/ஏ 7+ என்று வயது வாரியாகப் பிரித்துப் போடுவதும், உள்ளே என்ன இருக்கிறது என்ற குறிப்பைத் தொடக்கத்திலேயே காட்டுவதும் உங்கள் பொறுப்பு. இந்த எபிசோடுக்கு வெறும் யு, அதாவது எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். புகார் கிடைத்த 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. 15 நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். என் ஊரிலேயே வழக்குப் போடலாம், என் சந்தா போன்ற சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. 50,000 ரூபாய் கேட்பேன். எத்தனை லட்சம் கொடுத்தாலும் இந்த ஆறு வாரம் திரும்பி வராது.

தயவுசெய்து அந்த முகப்புப் படத்தை இன்றே மாற்றுங்கள். 5 வயதுக்குள் என்ற பகுதியிலிருந்து அந்த எபிசோடை எடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதை நான் தடுக்கவில்லை. மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள். அந்த நபர் என்னிடம் பேசியதற்கு அல்ல, என் மகளைப் பற்றிச் சொன்னதற்கு எழுத்தில் மன்னிப்பு கேட்க வேண்டும்.

பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள். போன் செய்தே ஆக வேண்டுமென்றால் மாலை ஏழு மணிக்கு முன் செய்யுங்கள். அதற்குப் பிறகு அவள் தூங்கும்வரை நான் அவள் பக்கம் முகத்தை வைத்தே படுத்திருக்க வேண்டும், எழுந்துவர முடியாது.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்