கென்னத் கிளார்க் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளார்க் அவர்களுக்கு,

வணக்கம். 1970 முதல் 2019 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ரஷ்க்ளிஃப் தொகுதியின் உறுப்பினராக இருந்து, தாட்சர், மேஜர், கேமரூன் ஆகிய மூன்று பிரதமர்களின் அமைச்சரவைகளிலும் இடம்பெற்ற தங்களைப் பற்றி எழுதுவோர், கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமை மூன்று முறையும் கைநழுவிப் போனதையே முதலில் குறிப்பிடுகிறார்கள். தங்கள் பெருமை அந்தத் தோல்விகளில்தான் இருக்கிறது என்பேன்.

2001 கட்சித் தலைமைத் தேர்தலில், கட்சி எம்.பி.க்களின் இறுதிச் சுற்று வாக்கெடுப்பில் 59 வாக்குகளுடன் தாங்கள்தான் முதலிடம் பெற்றீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஆதரவான தங்கள் கருத்தைச் சற்று மழுப்பியிருந்தால், முடிவைத் தீர்மானித்த தொண்டர்களின் வாக்குகளும் கூடியிருக்கும். தாங்கள் மழுப்பவில்லை, இயன் டங்கன் ஸ்மித் வென்றார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நடைமுறையைத் தொடங்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா 2017 பிப்ரவரியில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தங்கள் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர் தாங்கள் ஒருவரே. 2019 செப்டம்பரில், ஒப்பந்தமின்றி வெளியேறுவதைத் தடுக்கும் முயற்சியில் கொறடா உத்தரவை மீறியதற்காக நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட 21 பேரில், மக்களவையிலேயே நீண்டகால உறுப்பினரான தாங்களும் ஒருவர்.

நிதியமைச்சராகவும் தாங்கள் பிறர் கைதட்டலுக்காகக் காத்திருக்கவில்லை. பவுண்டின் மதிப்பு சரிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்த 1993 மே மாதத்தில் பொறுப்பேற்று, வரிகளை உயர்த்தி, பற்றாக்குறையைக் குறைத்தீர்கள். இங்கிலாந்து வங்கி ஆளுநருடன் மாதந்தோறும் நடத்திய கூட்டங்களின் குறிப்புகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடச் செய்தீர்கள். 1997இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, தாங்கள் வகுத்த செலவு வரம்புகளையே இரண்டு ஆண்டுகள் பின்பற்றியது. எதிர்க்கட்சியிடமிருந்து ஒரு நிதியமைச்சருக்கு இதைவிட உயர்ந்த சான்று கிடைக்காது.

ஆனால் அதே அசையாத தன்மை என்னை வருத்திய இடமும் உண்டு. 1982 முதல் 1985 வரை தாங்கள் சுகாதாரத் துறை இணையமைச்சராக இருந்தீர்கள். இரத்தம் உறையாத நோயுள்ளவர்களுக்குத் தரப்பட்ட, பிறர் இரத்தத்திலிருந்து தயாரித்த மருந்துகளான இரத்தப் பொருட்கள் வழியாக எய்ட்ஸ் பரவுகிறது என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்று 1983இல் அரசு சொல்லி வந்தது. இரத்தப் பொருட்கள் தங்கள் நேரடிப் பொறுப்பில் இல்லை என்பதையும், அந்த வாசகம் அக்கால அறிவுக்குப் பொருந்தியதே என்பதையும் 2021இல், இந்தத் தொற்றுகளை ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் முன் வலியுறுத்தினீர்கள். 2024இல் வெளிவந்த ஆணையத்தின் அறிக்கை அந்த வாதத்தை ஏற்கவில்லை. இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் தொற்றுகளுக்கு ஆளானவர்கள் முப்பதாயிரத்துக்கும் அதிகம். அவர்களில் ஏறக்குறைய 3,000 பேர் இறந்துவிட்டார்கள். "முடிவான ஆதாரம்" கிடைக்கும்வரை காத்திருக்க, இரத்தம் உறையாத நோயோடு பிறந்த சிறுவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

கட்சியின் கோபத்துக்கு அஞ்சாமல் உண்மையென நம்பியதைச் சொன்னவர் தாங்கள். அந்த வாசகம் அமைச்சகத்தில் எப்படி உருவானது, ஐயங்கள் எழுந்த பின்னும் ஏன் மாற்றப்படவில்லை என்பதை, தற்காப்பு கலவாமல், அந்தக் குடும்பங்களை நோக்கித் தாங்களே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிகுந்த மதிப்புடன்,
தங்கள் அரசியலை நெடுங்காலமாகக் கவனித்துவரும் ஒரு வாசகர்