காயத்துக்கு முன்பும் பின்பும்: ழோ பூஸ்கேவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ழோ பூஸ்கே அவர்களுக்கு,

பிரெஞ்சுக் கவிஞரான உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே வரியில்தான் வந்து நிற்கிறார்கள்: "என் காயம் எனக்கு முன்பே இருந்தது, அதற்கு உடல் கொடுக்கவே நான் பிறந்தேன்." 1969இல் தத்துவவாதி ழில் தெலூஸ் அதைத் தன் நூலில் எடுத்தாண்ட பிறகு, உங்கள் ஒரு கவிதையைக்கூடப் படிக்காதவர்களும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு.

நீங்கள் அதைச் சொல்லலாம். முதல் உலகப் போரில், 1918 மே 27 அன்று பிரான்ஸின் வையி ஊரருகே முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்தபோது உங்களுக்கு வயது 21. அப்புறம் 1950இல் இறக்கும்வரை, 32 ஆண்டுகள், பெரும்பாலும் படுக்கைதான். வலிக்கு அபின். ஆனால் அதே போரில் ஊனமாகி ஊர் திரும்பிய வேறொரு சிப்பாயிடம் போய், 'இந்தக் காயத்துக்காகத்தான் நீ பிறந்தாய்' என்று யாராவது சொன்னால் அது வக்கிரம். உங்களுக்கு வீடு இருந்தது, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். இதை ஏனோ யாரும் பேசுவதில்லை.

எனக்குப் பிடித்தது தெற்குப் பிரான்ஸின் கர்கஸோன் நகரில், வெர்தன் தெருவில் இருந்த உங்கள் அறை. ஜன்னல் கதவுகள் எப்போதும் சாத்தியே இருக்கும். ஆனால் வாசல் திறந்திருந்தது! கவிஞர் போல் எலுவார் வந்தார். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் நண்பரானார். அவர் அந்தப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய ஓவியங்களைச் சுவரில் மாட்டி வைத்திருந்தீர்கள்.

1942 மார்ச்சில் தத்துவவாதி சிமோன் வெய் ஒருநாள் இரவு வந்தார். போர்முனைக்கே செவிலியரை அனுப்பும் தன் திட்டத்துக்கு, அடிபட்ட ஒரு சிப்பாயின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. அடுத்த மாதம் உங்களுக்கு எழுதிய கடிதத்தில்தான், கவனம் என்பது தாராள குணத்தின் மிக அரிய, மிகத் தூய வடிவம் என்றார். இன்று அந்த வாக்கியம் பூப்படத்தோடு இணையமெங்கும் சுற்றுகிறது, உங்கள் பெயர் மட்டும் இல்லாமல். எழுந்து நடக்க முடியாத ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டதற்குப் பிறகு எழுதப்பட்டது அது.

உங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, நீங்கள் இறந்த பிறகு 1967இல் வெளிவந்த 'தங்கமீனுக்குக் கடிதங்கள்' நூலைச் சொல்கிறேன். 'தங்கமீன்' என்று நீங்கள் அழைத்த காதலிக்கு எழுதியவை. காயத்தைவிட அவள்மீதுதான் அதில் உங்களுக்கு அக்கறை அதிகம். தெலூஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் வாசகன்